அரை மணி நேர வியர்வை

எழுபத்திரண்டு வயதில் தன் தொழிலைப் பற்றி எழுத உட்காருகிறவனுக்குச் செய்ததையெல்லாம் எழுதத்தான் கை வரும். நான் செய்யவிடாமல் தடுத்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். சுவிஸ் நாட்டின் பேர்ண் நகரில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில், பத்து மாதத் தமிழ்க் குழந்தை ஒன்றுக்கு அரை மணி நேரத்தில் முடிந்துவிடக்கூடிய வியர்வைப் பரிசோதனையைத் தேவையில்லை என்று சொல்லி நிறுத்தினேன். நான் எந்த நோயை ஆராய்ந்துகொண்டிருந்தேனோ அதே நோய்தான் அந்தக் குழந்தைக்கு இருந்தது. அது தெரியவர நான்கு வருடங்களுக்கு மேல் ஆயிற்று. தெரிந்த பிறகும் அதன் தாயிடம் நான் செய்ததைச் சொல்லவில்லை. தன் பிள்ளையைக் காப்பாற்றியவன் நான் என்று அவர் நினைத்திருந்தார். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த நோய்க்கு சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்று பெயர். அதை நான் முதலில் சந்தித்தது ஒரு சாப்பாட்டுத் தட்டில்.

அகதியாக வந்த முதல் இரண்டு வருடங்கள் அதே மருத்துவமனையின் சமையற்கூடத்தில் வேலை செய்தேன். இலங்கையில் பெற்ற மருத்துவப் பட்டம் இங்கே செல்லாது. நோயாளிகளின் தட்டுகள் வரிசையாக நகர்ந்து வரும். ஒவ்வொன்றிலும் உள்ள அட்டையைப் படித்து வெண்ணெய் வைப்பது என் வேலை. உப்பில்லை, சீனியில்லை, கொழுப்பில்லை என்று அட்டைகள் எதையாவது குறைக்கச் சொல்லும். பிள்ளைகளின் பிரிவுக்குப் போகும் இரண்டு மூன்று தட்டுகள் மட்டும் எல்லாவற்றையும் கூட்டச் சொல்லின. இரட்டை வெண்ணெய், பாலாடை, பொரித்த உருளைக்கிழங்கு, அதற்கு மேல் உப்பு. இவ்வளவும் யாருக்கு என்று தலைமைச் சமையற்காரரைக் கேட்டேன். அவர் ஓர் இத்தாலியர். "மூன்றாம் மாடியில் இருக்கிற மெலிந்த பிள்ளைகளுக்கு. எவ்வளவு கொடுத்தாலும் உடம்பில் ஒட்டாது, பாவம்" என்றார்.

அப்போதுதான் மருத்துவக் கல்லூரியில் வாசித்த ஓர் அரைப் பக்கம் நினைவுக்கு வந்தது. வாசித்த என்று சொல்வதும் சரியில்லை. எங்கள் பேராசிரியர் அந்த அரைப் பக்கத்தைத் தாண்டச் சொன்னார். இது வெள்ளைக்காரரின் நோய், உங்கள் வாழ்நாளில் ஒரு நோயாளியையும் பார்க்கமாட்டீர்கள் என்றார். பரீட்சைக்கு ஒரு நோய் குறைந்ததே என்று சந்தோஷமாகத் தாண்டினோம். அந்த வாக்கியம் எனக்குள் எவ்வளவு ஆழத்தில் போய்க் கிடந்தது என்பது முப்பது வருடங்கள் கழித்துத் தெரிந்தது.

ஜெர்மன் படித்து, பரீட்சைகளை மறுபடி எழுதி, ஒருவழியாக அந்த மூன்றாம் மாடிக்கே உதவி மருத்துவனாக ஏறினேன். எந்தப் பிள்ளைகளின் தட்டுகளில் வெண்ணெய் வைத்தேனோ அதே போன்ற பிள்ளைகளை நேரில் கண்டேன். நம் உடலில் பல உயிரணுக்களின் சுவரில் உப்பு போய்வர ஒரு கதவு இருக்கிறது. தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் பழுதான மரபணு ஒவ்வொன்று வந்து சேர்ந்தால் அந்தக் கதவு திறக்காது. சிலரில் கதவு சுவர்வரை வந்தே சேராது. நோய் அவ்வளவுதான். அந்த ஒரு கதவு மூடிக்கிடப்பதால் நுரையீரலில் சளி பசையாக இறுகுகிறது. பசையில் கிருமி குடியேறுகிறது. சாப்பாட்டைச் செரிக்கிற சாறு குடலுக்கு வராமல் அடைபடுகிறது. வியர்வையில் உப்பு மிஞ்சிப்போகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கதவு ஒரு பிள்ளையின் உயரத்தையும் இருமலையும் ஆயுளையும் தீர்மானிக்கிறது என்று உண்மையாக விளங்கிய நாளில், டிராமில் ஏற மனமில்லாமல் மருத்துவமனையிலிருந்து வீடுவரை நடந்தே போனேன். அந்தப் பிரமிப்பு இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை.

என் ஆராய்ச்சி உப்பைப் பற்றியது. சாதாரண உப்பைக் கடல்நீரைவிடச் செறிவாகக் கரைத்து, மெல்லிய புகையாக்கி உள்ளிழுக்கக் கொடுத்தால் இறுகிய சளி இளகி மேலே வருகிறது. எவ்வளவு செறிவு, நாளுக்கு எத்தனை தரம், எந்த வயதிலிருந்து என்று பார்ப்பதிலேயே பல வருடங்கள் போயின. அடுப்படியில் கிடக்கிற ஒரு பொருள் மூச்சைத் திறந்துவிடுவதைப் பார்க்க எனக்கு அலுக்கவே இல்லை. மாநாடுகளில் பேசினேன். சக மருத்துவர்கள் பகிடியாக என்னை உப்பு டாக்டர் என்றார்கள். அந்தப் பெயரில் எனக்குப் பெருமை இருந்தது.

தமிழ் நோயாளி யாராவது வந்தால், எந்தப் பிரிவானாலும் என்னைக் கூப்பிடுவார்கள். கால் முறிந்தவருக்கும் கர்ப்பிணிக்கும் நான் போய் மொழிபெயர்க்க வேண்டும். ஆரம்பத்தில் விருப்பத்தோடு போனேன். ஆராய்ச்சியில் கொஞ்சம் பெயர் வந்த பிறகு அது எனக்குக் கசந்தது. அன்றைக்கும் ஒரு கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். குழந்தைகள் பிரிவிலிருந்து ஒரு பெண் டாக்டர் அழைத்தார். சுவிஸ்காரர், என்னைவிடச் சில வயது இளையவர், தேவைக்கு மேல் பேசாதவர். பத்து நிமிடத்தில் முடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு போனேன்.

லாங்கன்தாலிலிருந்து வந்த இளம் தம்பதி. இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர். கணவருக்கு லாங்கன்தாலில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மனைவி இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம். ஜெர்மன் இன்னும் பிடிபடவில்லை. மடியில் இருந்த பெண் குழந்தைக்குப் பத்து மாதம். பார்வைக்கு ஆறு மாதம். ஓயாத இருமல், நிறை ஏறவில்லை. பிறந்த குழந்தையின் குதிக்காலில் எடுக்கும் இரத்தத்தில் இந்த நோயையும் தேடும் வழக்கம் அப்போது இங்கே வந்திருக்கவில்லை.

பெண் டாக்டர் கேட்டவற்றை நான் தமிழில் கேட்டேன். அந்தத் தாய் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாகப் பதில் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகு தயங்கினார்.

"டொக்டர், ஒண்டு சொல்லவோ? பிள்ளையைக் கொஞ்சேக்கை நெத்தி உப்புக் கரிக்குது. கடலிலை குளிச்சிட்டு வந்த பிள்ளையைக் கொஞ்சின மாதிரி."

இந்த நோயில் வேலை செய்கிற எவனும் எழுந்து நிற்க வேண்டிய வாக்கியம் அது. நான் சிரித்தேன்.

"தங்கச்சி, கறிக்கு உப்புப் போட்ட கையாலை பிள்ளையின்ர முகத்தைத் துடைச்சிருப்பியள்" என்றேன்.

கணவருக்கு அது பெரிய பகிடியாகிவிட்டது. "நானும் இதைத்தான் சொன்னனான் டொக்டர், கேட்டால்தானே! கறியிலையே இவவுக்கு உப்பின்ரை அளவு தெரியாது."

அந்தத் தாயும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். பிறகு குனிந்து பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டபடி, "அப்பிடியும் இருக்கும்" என்றார்.

பெண் டாக்டர் எங்கள் சிரிப்பைப் பார்த்துவிட்டு, தாய் என்ன சொன்னார் என்று கேட்டார். பிள்ளையின் தோல் உப்பாக இருப்பதாக நினைக்கிறார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அப்படியானால் வியர்வைப் பரிசோதனை செய்துவிடுவோம். உங்கள் ஆய்வுகூடத்தில் இன்றைக்கு முடியுமா?" என்றார்.

முடியும். இரண்டு தாழ்வாரம் தள்ளிக் கருவி சும்மா கிடந்தது. பிள்ளையின் கையில் சிறு மின்னோட்டத்தால் ஒரு மருந்தை ஏற்றி, அரை மணி நேரம் வியர்வை சேர்த்து, உப்பை அளந்தால் போதும்.

"எங்கள் மக்களிடம் இந்த நோய் இல்லை" என்றேன். "நான் தமிழன். இதே நோயில் வேலை செய்கிறவன். பிள்ளைக்குச் சாப்பாடு காணாது, அவ்வளவுதான்."

வேறு எந்த மருத்துவர் அப்படிச் சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்கமாட்டார். அந்த மக்களையும் அந்த நோயையும் சேர்த்து அறிந்தவன் என்று அந்தக் கட்டடத்தில் இருந்தவன் நான் ஒருவன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கோப்பில் ஒரு வரி எழுதினார். எங்கள் மக்களிடம் இல்லை என்று சொல்லும்போது எனக்குள் இருந்ததையும் எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டில் அழுக்கு இல்லை என்று பிறத்தியாருக்குச் சொல்வது போன்ற ஒரு பெருமை இருந்தது. கட்டுரைக்குத் திரும்பிப் போகும் அவசரமும் இருந்தது.

பிள்ளைக்கு ஐந்து வயது நடக்கும்போது நிமோனியாவோடு மூன்றாம் மாடிக்கு வந்தது. நான் முதலில் தாயைத்தான் அடையாளம் கண்டேன். பிறகு பிள்ளையின் கைகளைப் பார்த்தேன். விரல் நுனிகள் மேளக் குச்சியின் தலைபோல உருண்டிருந்தன. நீண்ட காலம் மூச்சு காணாத பிள்ளைகளின் விரல்கள் அப்படித்தான் ஆகும். வியர்வைப் பரிசோதனைக்கு நானே எழுதினேன், நானே கூட்டிப்போனேன். முடிவுத் தாளில் வந்த எண்ணில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஐரோப்பிய நோயாளிகளை வைத்துத் தயாரித்த மரபணுப் பட்டியலில் தேடியபோது ஒன்றும் கிடைக்கவில்லை. மரபணு முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்தபோது அரிதான ஒரு பிழை வந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே பிழை. கணவர் அந்தப் பெண்ணுக்குச் சொந்த மச்சான், மாமியின் மகன். எங்கள் மக்களிடம் இல்லை என்று நான் சொன்ன நோய், நாங்கள் முறைப்படி செய்துவைக்கிற ஒரு கல்யாணத்தின் வழியே வந்து சேர்ந்திருந்தது.

வியர்வைப் பரிசோதனையின் முடிவு வந்த அன்றைக்கு ஒரு தாதி கேள்வித்தாளோடு வந்தார். பிள்ளையை முத்தமிடும்போது உப்புத் தெரிந்ததா என்பது அதில் ஒரு கேள்வி. நான் மொழிபெயர்த்தேன். அந்தத் தாய் என்னைப் பார்த்து, குறைப்படும் தொனியே இல்லாமல், சாதாரணமாகச் சொன்னார்:

"டொக்டர் அண்டைக்குச் சொன்னதுக்குப் பிறகு நான் ஒருத்தரிட்டையும் அதைச் சொல்லேல்லை. கையை நல்லாச் சவர்க்காரம் போட்டுக் கழுவிப்போட்டுத்தான் பிள்ளையைத் தொடுறனான்."

நான்கு வருடங்கள் அவர் கை கழுவியிருக்கிறார். தாதி பேனாவோடு காத்திருந்தார். "நிச்சயமாகத் தெரியவில்லை என்கிறார்" என்று மொழிபெயர்த்தேன். முதல் தவறை அறியாமை என்று யாராவது மன்னிக்கக்கூடும். இரண்டாவதை நான் அறிந்தே செய்தேன்.

கணவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எத்தினை டொக்டர்மாரிட்டைக் காட்டினம். ஒருத்தருக்கும் விளங்கேல்லை. நீங்கள்தான் கண்டுபிடிச்சனீங்கள்" என்றார். அந்தத் தாய் என் நட்சத்திரத்தைக் கேட்டார். சொன்னேன். அன்றிலிருந்து பிள்ளையின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பேர்ண் கோயிலில் என் பெயருக்கு ஓர் அர்ச்சனை நடந்தது. அடுத்த முறை வரும்போது விபூதியைச் சிறிய கடித உறையில் போட்டுக் கொண்டுவந்து தருவார். நான் கோயிலுக்குப் போகிறவன் அல்ல. உறைகளை மேசை இழுப்பறைக்குள் போட்டேன். எறியவும் முடியவில்லை, பூசவும் முடியவில்லை.

பிள்ளை வளர்ந்தாள். காலையும் மாலையும் என் உப்புநீர்ப் புகையை இழுத்தாள். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் முன்னால் செரிமான மாத்திரைகளை விழுங்கினாள். சொந்தக்காரர் கேட்டால் அலர்ஜி என்று சொல்லும்படி தாய் தகப்பன் பழக்கியிருந்தார்கள். ஊரில் சித்தப்பாமாரும் சித்திமாரும் கல்யாணமாகாமல் இருந்தார்கள். கண்டுபிடிக்க முந்தியே வலது நுரையீரலில் குடியேறிவிட்ட ஒரு கிருமி எந்த மருந்துக்கும் போகவில்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று தரம் மருத்துவமனைக்கு வந்து கிடப்பாள். வாய் மட்டும் ஓயாது. "டொக்டர் அங்கிள், நீங்கள் கண்டுபிடிச்ச உப்புத்தண்ணியைக் கொஞ்சம் ருசியாக் கண்டுபிடிச்சிருக்கலாம்" என்பாள். சொல்லி முடிக்க முன்னர் இருமல் வரும். இருமி முடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

நான் ஓய்வுபெற்று, கிழமைக்கு இரண்டு நாள் மட்டும் ஆய்வுகூடத்துக்குப் போய்வந்த காலத்தில், மூன்று மருந்துகள் ஒன்றாகச் சேர்ந்த ஒரு மாத்திரை வந்தது. நாங்கள் அதுவரை கொடுத்ததெல்லாம் சளியோடும் கிருமியோடும் சண்டை போடுகிற மருந்துகள். இது கதவையே சரிசெய்கிறது. கோணிப்போன கதவை நிமிர்த்தி, சுவர்வரை கொண்டுபோய்ச் சேர்த்து, திறந்து பிடிக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண், பாற்கட்டி செய்கிற வீட்டைச் சேர்ந்தவர், நுரையீரல் மாற்றுச் சிகிச்சைக்குக் காத்திருந்தார். முதல் மாத்திரையைக் காலையில் போட்டார். மத்தியானத்துக்குள் வருடக்கணக்காக இறுகிக் கிடந்த சளி தானாக இளகி வரத் தொடங்கியது. ஒரு மாதம் கழித்து மலைப்பாதையில் நின்று என்னை அழைத்தார். பேசவில்லை. மூச்சை உள்ளே இழுத்து வெளியே விட்டு, "கேட்டதா?" என்றார். நான் கேட்டேன். முப்பது வருடங்களாக அந்த மார்பில் குழாய் வைத்துக் கேட்டவன் நான். அந்தச் சத்தத்தை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன்.

லாங்கன்தால் பிள்ளையின் மரபணுப் பிழை அந்த மாத்திரைக்குரிய பட்டியலில் இல்லை. அவளைப் போன்றவர்கள் உலகத்தில் மிகச் சிலர். அவர்களை யாரும் பரிசோதித்துப் பார்த்திருக்கவில்லை. பட்டியலில் இல்லாதவருக்குக் கொடுக்கக் காப்புறுதிக்காரர் சம்மதிக்கமாட்டார்கள். ஒரு வழி இருந்தது. பெருங்குடலின் கடைசியிலிருந்து வலியில்லாமல் கடுகளவு தசை எடுத்து, கிண்ணத்தில் வளர்த்தால், சில கிழமைகளில் அது குட்டிக் குட்டிக் குடல்களாக, உள்ளே வெற்றான முத்துகளாக உருண்டுகொள்ளும். கதவைத் திறக்கத் தூண்டும் ஒரு திரவத்தை அதில் விட்டால், கதவு வேலை செய்கிற முத்துகள் தண்ணீரை உள்ளே இழுத்து ஊதும். இந்த நோய் உள்ளவரின் முத்துகள் அப்படியே கிடக்கும். மருந்தைக் கலந்து பார்த்தால், அது அவருக்குச் சரிவருமா என்று அவரைத் தொடாமலே தெரிந்துவிடும்.

அவளுக்குப் பதினேழு வயது. பரிசோதனை நாளன்று தானும் பார்க்க வேண்டும் என்று நின்றாள். ஆய்வுகூடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். முத்துகள் பச்சையாக ஒளிர்ந்தன.

"இது என்ரை குடலோ?"

"ஓம்."

"வடிவா இருக்குது. என்னைவிட வடிவு."

மருந்தில்லாத கிண்ணத்தை முதலில் பார்த்தோம். பத்து நிமிடத்துக்கு ஒரு படம் விழுந்தது. ஒரு மாற்றமும் இல்லை. அவள் பகிடி விடுவதை நிறுத்தினாள். அடுத்தது மருந்து கலந்த கிண்ணம். முதல் படம் அதே போல. இரண்டாவதில் ஒரு முத்து கொஞ்சம் பெருத்ததுபோல எனக்குப் பட்டது. கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். மூன்றாவதில் எல்லாம் பெருத்திருந்தன. நான்காவதில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, சுவர் மெலிந்து, உள்ளே நீர் தளும்ப, முழுத் திரையையும் நிறைத்துக்கொண்டு நின்றன. ஒரு பெண்ணின் உடலிலிருந்து எடுத்த கடுகளவு தசை, பதினேழு வருடமாக மூடியிருந்த கதவுகளைத் திறந்துகொண்டிருந்தது, அவள் கண்முன்னால். என் வாழ்நாளில் நான் கண்ட எதையும் அதன் பக்கத்தில் வைக்க முடியவில்லை. நான் கும்பிடத் தெரியாதவன். என் கைகள் தாமாகச் சேர்ந்துவிட்டன.

"டொக்டர் அங்கிள், மூக்கைத் துடையுங்கோ. என்ரை குடலுக்கை விழப்போகுது" என்றாள் அவள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

மூன்றாவது கடிதத்துக்குக் காப்புறுதிக்காரர் இறங்கிவந்தார்கள். மாத்திரையைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட வேண்டும். தாய் தொலைபேசியில், "புட்டுக்குத் தேங்காய்ப்பூக் கனக்கப் போட்டால் காணுமோ, இல்லாட்டில் முட்டையும் பொரிக்கோணுமோ?" என்று கேட்டார். இரண்டையும் செய்யச் சொன்னேன். முதல் மாத்திரை போட்ட அன்று காலை பதினொரு மணிக்கு மறுபடி அழைத்தார். "டொக்டர், பிள்ளைக்குச் சளி கொட்டுது, விடாமல் கொட்டுது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வரட்டோ?" அதற்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தோம் என்று சொன்னேன். அவள் நிமிர்ந்து படுத்து உறங்கினாள். நிறை ஏறியது. முதியோர் இல்லம் ஒன்றில் தொழிற்பயிற்சி தொடங்கினாள். இங்கே அதை லேர என்பார்கள். ரயிலுக்கு ஓடிப்போய் ஏறினேன் என்று ஒரு நாள் செய்தி அனுப்பினாள்.

வலது நுரையீரலின் மேற்பகுதி மட்டும் திரும்பவில்லை. அது தழும்பாகிவிட்டது. மாத்திரையால் அதை ஒன்றும் செய்ய முடியாது. இப்போது அவளைப் பார்க்கிற இளம் மருத்துவர், நான் பக்கத்தில் இருக்கவே, படத்தில் அந்த வெள்ளைத் திட்டைக் காட்டி விளக்கினார்: "நோய் பிந்திக் கண்டுபிடிக்கப்பட்டதால் வந்தது. முதல் வருடத்திலேயே தெரிந்திருந்தால் இது இருந்திருக்காது." மகள் அதைத் தாய்க்குத் தமிழில் சொன்னாள். தாய் என்னைப் பார்த்து, "என்ன செய்யிறது, எங்கட காலம். டொக்டராவது கண்டுபிடிச்சாரே" என்றார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. அதில் பாதிதான் உண்மை. பதினெட்டு வயதானதும் தன் மருத்துவக் கோப்பைக் கேட்டு வாங்கியிருப்பதாக அன்றைக்கே அவள் சொன்னாள். பெண் டாக்டர் அன்றைக்கு எழுதிய அந்த வரி அதில் இருந்தது. அவள் வாசித்துவிடுவாள் என்ற பயமும் என்னை லாங்கன்தாலுக்கு ரயிலேற்றியது.

பின்னேரம் மூன்று மணி. கணவர் வேலையில் இருந்தார். தாயும் மகளும் வீட்டில் இருந்தார்கள்.

"இருங்கோ டொக்டர், தேத்தண்ணி வைக்கிறன்."

"வேண்டாம், தங்கச்சி. குடிச்சால் பேந்து சொல்லமாட்டன். நீங்கள் இருங்கோ."

சொன்னேன். பகிடி அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஜெர்மனில் நடந்தது அவருக்குத் தெரியாது. பெண் டாக்டர் பரிசோதனை கேட்டதையும் நான் வேண்டாம் என்றதையும், தாதியிடம் பொய்யாக மொழிபெயர்த்ததையும், அர்ச்சனைகளை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்ததையும் வரிசையாகச் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை. கேட்டால் அவர் தந்துவிடுவார் என்று பயமாக இருந்தது.

மகள் கதவோரம் சாய்ந்து நின்றாள். "கோப்பிலை ஒரு வரி கிடக்குது அம்மா. தமிழ் டொக்டரைக் கேட்டது, தேவையில்லை எண்டவர் எண்டு. பேர் இல்லை" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஆனால் அங்கை எத்தினை தமிழ் டொக்டர் இருந்தவை? எனக்கு அப்பவே தெரியும். நீங்களாச் சொல்லுறீங்களோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

தாய் அவளைக் கை காட்டி நிறுத்தினார்.

"பொறு. டொக்டர், அந்த வெள்ளைக்கார டொக்டர் ரெஸ்ற் செய்வம் எண்டு கேட்டவவோ?"

"ஓம்."

"நான் உப்பு எண்டு சொன்னதுக்காகவோ?"

"ஓம். உடனை கேட்டவ."

"அப்ப அவ என்னை நம்பினவ."

"ஓம், தங்கச்சி. அவ நம்பினவ."

அவர் மேசை விரிப்பின் மடிப்பை நீவினார். "இவர் வேலைக்குப் போன பிறகு நான் திரும்பத் திரும்பக் கொஞ்சிப் பாப்பன்" என்றார். "உப்பாத்தான் இருக்கும். கையைக் கழுவிப்போட்டு வந்து பாப்பன், அப்பவும் உப்பு. படிச்ச மனிசன், எங்கட ஆள், இல்லை எண்டிட்டார். அப்ப எனக்குத்தான் நாக்குப் பிழை, எனக்குத்தான் விசர் எண்டு நினைச்சன். நாலு வரியம், டொக்டர். ஒரு ஆள் என்னை நம்பியிருக்கிறா. எனக்குத் தெரியாமல் போச்சு."

நான் தழும்பைப் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்து வந்திருந்தேன். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. அத்தனை வருடங்களாக என் குற்றத்தை ஒரு நுரையீரலின் மூலையில் அளந்துகொண்டிருந்தவன், அவரிடமிருந்து நான் எடுத்தது இன்னொன்றும் உண்டு என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

"உங்களோடை கோவிக்கிறதோ இல்லையோ எண்டதை நான் பேந்து யோசிக்கிறன்" என்றார். "இப்ப எனக்கு அவவோடை கதைக்கவேணும். இருக்கிறாவோ?"

"இருக்கிறா. பென்சன் எடுத்திட்டா. நான் எடுத்துத் தாறன். நீங்கள் சொல்லுங்கோ, நான் அவவுக்கு..."

"நீங்கள் சொல்லவேண்டாம். மகள் சொல்லுவாள்."

எண்ணை மட்டும் கொடுத்தேன். மகள் தொலைபேசியை மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள். அந்தப் பெண் டாக்டரின் குரல் வந்தது, வயதாகியிருந்தது. மகள் பேர்ண் பேச்சுவழக்கு ஜெர்மனில் தன்னை அறிமுகப்படுத்தி, பத்து மாதக் குழந்தையாகத் தான் வந்ததையும், தன் தாய் சொன்னதையும், அவர் பரிசோதனை கேட்டதையும், தாய்க்கு அது இன்றைக்குத்தான் தெரிந்ததையும் ஒரே மூச்சில், எங்கும் நிறுத்தாமல், ஒரே நீண்ட வாக்கியமாகச் சொன்னாள். எப்போது இருமுவாள் என்று காத்திருந்தேன். அவள் இருமவில்லை. வாக்கியம் போய்க்கொண்டே இருந்தது. என் குற்றத்தைத்தான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வாய் திறந்து அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எனக்கு நினைவிருக்கிறது" என்றார் பெண் டாக்டர் மறுபக்கத்திலிருந்து. "அந்த வரியை நான் எழுதினேன். யார் என்ன சொன்னாலும் நான் செய்திருக்க வேண்டும்."

"என்னவாம்?" என்றார் தாய். மகள் ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

"அவவிலை பிழையில்லை எண்டு சொல்லு. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச்சொல்லு."

அவர் வருவதாகச் சொன்னார். தொலைபேசி வைக்கப்பட்டதும் தாய் எழுந்து குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு அவசரமாக என் பக்கம் திரும்பினார்.

"அவ மச்சம் சாப்பிடுவாவோ, இல்லாட்டில் சைவமோ?"

இருபது வருடங்கள் ஒரே உணவுச்சாலையில் அவரோடு சாப்பிட்டிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன். மகள் மறுபடி தொலைபேசியை எடுத்தாள்.